குட்டி யானையும் வெள்ளை யானையும்

பேப்பரில் ‘விருதுநகர் மார்க்கெட்’ என்று ஒரு பத்தி வரும், பார்த்திருப்பீர்கள். உளுந்து இவ்வளவு, துவரம் பருப்பு இவ்வளவு, முண்டு வத்தல் இவ்வளவு என்று வரிசையாக விலை போட்டிருக்கும். அந்த ஊர்க்காரர்களுக்கு அது ராசிபலன் மாதிரி. அதைப் பார்த்த பிறகுதான் காப்பி. மூட்டைக்கு ஐந்து ரூபாய் இறங்குமா என்று அரை மணி நேரம் பேசுவார்கள். இறங்காது என்று தெரிந்ததும் இன்னொரு அரை மணி நேரம் பேசுவார்கள். காமராஜர் பிறந்த ஊர் வேறு. சொத்து என்று சொல்லிக்கொள்ளப் பெரிதாக எதையும் விட்டுப்போகாத மனிதர். சிக்கனம் இந்த ஊரில் தண்ணீரிலேயே கலந்திருக்கிறது. (தண்ணீரே சிக்கனமாகத்தான் வரும் என்பது வேறு விஷயம்.)

அப்படிப்பட்ட ஊரில் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, போகிற வருகிற கார்களை எண்ணிக்கொண்டிருந்தேன். பி.காம். படித்தவனுக்கு சும்மா இருக்கத் தெரியாது. எதையாவது எண்ண வேண்டும். இருபது கார் போனால் அதில் பன்னிரண்டு, பதிமூன்று எஸ்.யூ.வி.! அதாவது நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, தண்ணீரில் இறங்கப் போகிறவன் வேட்டியைத் தூக்கிக் கட்டின மாதிரி நிற்கிற ரகம்.

டீக்கடைக் கணக்கு என்று சிரிக்காதீர்கள். 2024-25 நிதியாண்டில் இந்தியாவில் விற்ற கார்கள் சுமார் 43 லட்சம். அதில் ‘யுடிலிட்டி’ என்ற தலைப்பில் வருபவை, அதாவது எஸ்.யூ.வி.யும், இன்னோவா, எர்டிகா மாதிரியான குடும்ப வண்டிகளும் சேர்த்து, சுமார் 28 லட்சம். நூற்றுக்கு 65. டீக்கடை பெஞ்சை யாரும் குறைத்து எடை போட வேண்டாம்.

எஸ்.யூ.வி. என்றால் ஸ்போர்ட் யுடிலிட்டி வெஹிக்கிள். விளையாட்டுக்கும் ஆகும், வேலைக்கும் ஆகும் என்று அர்த்தம். நம்ம பக்கம் விளையாட்டு என்றால் கிரிக்கெட், சீட்டு. இரண்டுக்கும் நடந்தே போய்விடலாம். அப்புறம் வேலை? அதைத்தான் பார்க்கப் போனோம்.

போனோம் என்றால், நானும் என் அத்தை மகனும். மாப்பிள்ளைக்கு சிவகாசியில் ஆஃப்செட் பிரஸ். காலண்டர், நோட்டு அட்டை, பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் எல்லாம் அடிக்கிறான். ஒரு எஸ்.யூ.வி. வாங்க வேண்டும் என்று ஆறு மாதமாக ஆசை. சிநேகிதனின் வண்டியை ஒரு நாளைக்கு இரவல் வாங்கிக்கொண்டு, என்னை அழைத்துப்போக விருதுநகருக்கே வந்துவிட்டான்.

“மச்சான், நீ கணக்குப் படிச்சவன். ஒரு நாள் கூட சுத்திப் பாரு. வாங்கலாமா வேண்டாமான்னு நீயே சொல்லு. ஆனா வேண்டாம்னு மட்டும் சொல்லிராத!”

வண்டியின் பெயரைச் சொன்னால் விளம்பரமாகிவிடும். வெள்ளை நிறம், நாலே கால் மீட்டர் நீளம், விலை பதினைந்து லட்சத்தை ஒட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏறி உட்கார்ந்தால் கல்யாண மேடையில் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது. எல்லோரும் கீழே தெரிகிறார்கள். அந்த சுகத்தைப் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். ஆமத்தூர் வருவதற்குள் எனக்கே முதுகு நிமிர்ந்துவிட்டது. கூரையில் ஒரு கண்ணாடி ஜன்னல் வேறு. விருதுநகரில் வெயிலுகந்தம்மன் என்றே ஒரு சாமி உண்டு. வெயிலை உகந்துகொள்வது அம்மனால்தான் முடியும். மாப்பிள்ளை ஐந்து நிமிஷத்தில் திரையை இழுத்து மூடிவிட்டான்.

“இந்த ஜன்னலுக்கு மட்டும் தனி ரேட்டு மச்சான்” என்றான், பெருமையாக.

சிவகாசி முதலாளிகளின் வண்டிகளை வைத்தே இந்த நாட்டின் பொருளாதார வரலாறு எழுதிவிடலாம். 1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுக்கொண்டு வந்து ஆரம்பித்த ஊர் இது. அம்பாசடர் ரொம்ப நாள் ஓடியது. கொஞ்சம் வசதி வந்தவர்கள் கான்டெஸா. 1994-ல் டாடா சுமோ வந்ததும் ஏஜென்ட்டுகளும் கான்ட்ராக்டர்களும் அதில் ஏறினார்கள். 2000-ல் குவாலிஸும் பொலேரோவும், 2002-ல் ஸ்கார்பியோ. கட்சிக் கொடி கட்ட அளவெடுத்துத் தைத்த மாதிரி ஒரு முகம் ஸ்கார்பியோவுக்கு. அதுவரைக்கும் எட்டுப் பேர் ஏறுவார்கள், சாமான் ஏறும், ஏதோ ஒரு நியாயம் இருந்தது. 2012-க்குப் பிறகு டஸ்டர், ஈகோஸ்போர்ட், 2015-ல் க்ரெட்டா என்று வந்தவை அப்படியில்லை. உள்ளே அதே ஐந்து சீட்டு. அதே முன் சக்கர இழுவை. சாதாரணக் காரை ஸ்டூல் போட்டு நிறுத்தின மாதிரி.

இதை மாப்பிள்ளையிடம் சொன்னேன். “ரோடு சரியில்லையே மச்சான். ஹைட்டு வேணும்ல?” என்றான்.

ரோடா? மதுரையிலிருந்து விருதுநகர், சாத்தூர் வழியாகக் கன்னியாகுமரி போகிற சாலை (அந்தக் காலத்து ஏழாம் நம்பர், இப்போது 44) நாலு வழிச் சாலையாகிப் பல வருஷம் ஆகிவிட்டது. விருதுநகர் - சிவகாசி சாலையிலும் பள்ளம் என்று பார்த்தால் அதிகமில்லை. மேடுதான் அதிகம். வேகத்தடை! இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் என்ற அமைப்பு வேகத்தடைக்கு அளவே கொடுத்திருக்கிறது. உயரம் 10 சென்டிமீட்டர், அகலம் 3.7 மீட்டர், முதுகு தேய்த்துவிட்ட மாதிரி வட்டமாக இருக்க வேண்டும். நம்ம ஊரில் அப்படியா போடுகிறோம்? ராத்திரியோடு ராத்திரியாக யாரோ மிச்ச ஜல்லியைக் கொட்டி, காலையில் பார்த்தால் ஒரு சமாதி எழும்பியிருக்கும்.

சாதாரணச் சின்னக் காருக்கு வயிற்றுக்கும் தரைக்கும் 160, 165 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும். மாப்பிள்ளை பார்க்கும் வண்டிகளில் 190, 200. வித்தியாசம் ஒரு அங்குலத்துக்குக் கொஞ்சம் கூட. எட்டு லட்சம் காருக்கும் பதினைந்து லட்சம் காருக்கும் நடுவே ஏழு லட்சம். அங்குலம் ஏழு லட்சம்! மவுண்ட் ரோட்டில்கூட மனை அந்த விலைக்குப் போகவில்லை. வேகத்தடையை ஒழுங்காகப் போடச் சொல்லி பஞ்சாயத்தில் ஒரு மனு கொடுத்தால் பேப்பர் செலவோடு போயிற்று.

“சரி, ரோட்ட விடு. சேஃப்டி?” என்றான் அடுத்தபடியாக. “பிள்ளைகள வச்சுக்கிட்டு சின்ன வண்டியில போக பயமா இருக்கு. லாரிக்காரன் தட்டினா அப்பளம்.”

இது நிஜமான பயம். கேலி செய்ய ஒன்றுமில்லை. இதற்குப் பதில் யோசித்துக்கொண்டிருந்தபோதே திருத்தங்கல் வந்துவிட்டது. கடைத்தெருவில் நெரிசல். முன்னால் போன மினி பஸ் நகர்ந்தது. மாப்பிள்ளையும் பிரேக்கிலிருந்து காலை எடுத்தான். ஓரத்தில் நின்ற ஒரு பெண்மணி “ஏய்... நிறுத்து! நிறுத்து!” என்று பானெட்டை ஓங்கித் தட்டினார். நிறுத்தினான். பானெட்டுக்குக் கீழே இருந்து ஒரு பையன் எழுந்தான். ஐந்து வயசு இருக்கும். கையில் உருண்டு விழுந்த பம்பரம். அவன் எங்களைப் பார்க்கக்கூட இல்லை. பம்பரத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டான்.

மாப்பிள்ளை கொஞ்ச நேரம் பேசவில்லை. ஏ.சி. இருபத்திரண்டில் இருந்தது. அவனுக்கு வேர்த்திருந்தது.

“தெரியவே இல்லை மச்சான்” என்றான் பிறகு.

தெரியாதுதான். உயரத்தில் உட்கார்ந்தால் தூரத்தில் வருகிற லாரி நன்றாகத் தெரியும். மூக்குக்குக் கீழே நிற்கிற பிள்ளை தெரியாது. கார் கம்பெனிகள் முதல் பாதியை மட்டும் விளம்பரத்தில் சொல்கின்றன. அமெரிக்காவில் இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் சேர்ந்து நடத்தும் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் ஒன்று இருக்கிறது. 2023-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். பானெட் உயரம் 40 அங்குலத்தைத் தாண்டிய வண்டிகள், 30 அங்குலத்துக்குள் சாய்வாக அமைந்த கார்களைவிட, நடந்துபோகிறவர் மீது மோதினால் உயிரை எடுக்கும் வாய்ப்பு சுமார் 45 சதவீதம் அதிகம். காரணம் சிக்கலானது இல்லை. தாழ்ந்த கார் காலில் இடித்து ஆளை பானெட் மேலே தூக்கிப் போடும். உயர்ந்த வண்டி நெஞ்சில் இடித்துக் கீழே தள்ளும்.

நம் கணக்குக்கு வருவோம். 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் டூ வீலர்காரர்கள் நூற்றுக்கு 44.5. நடந்துபோனவர்கள் 19.5. கார், டாக்ஸி, வேனில் உட்கார்ந்திருந்தவர்கள் 12.5. அதாவது மாப்பிள்ளை எந்தக் கூட்டத்தை நினைத்துப் பயப்படுகிறானோ அது சின்னக் கூட்டம். பெரிய கூட்டம் ரோட்டோரம் நிற்கிறது. விருதுநகர் ஜில்லாவில் அதைக் காலை ஏழு மணிக்குப் போய்ப் பார்க்க வேண்டும். தீப்பெட்டி ஆபீசுக்கும் பட்டாசு ஆபீசுக்கும் போகிற பெண்கள் தூக்குச்சட்டியோடு வேனுக்காக வரிசையாக நிற்பார்கள். (இங்கே ஃபாக்டரி என்று சொல்ல மாட்டார்கள். எல்லாம் ஆபீஸ்தான். நாம் ஃபைல் புரட்டுகிற இடத்துக்கு என்ன பெயரோ, மருந்து அடைக்கிற இடத்துக்கும் அதே பெயர்.) நிற்க நடைபாதை கிடையாது. தார் முடிகிற இடத்திலிருந்து முள்வேலி வரைக்கும் உள்ள நாலடிதான் அவர்களுக்கு.

எடை விவகாரமும் இப்படித்தான். 1,500 கிலோ வண்டியும் 750 கிலோ காரும் நேருக்கு நேர் மோதினால், சின்னக் கார் வாங்குகிற அதிர்ச்சி பெரிய வண்டியைவிட இரண்டு மடங்கு. ப்ளஸ் டூ பிசிக்ஸ். உள்ளே இருப்பவருக்கு நல்லது என்பது உண்மைதான். ஆனால் அந்த நல்லது எதிரே வருகிறவனின் கணக்கில் பற்று எழுதப்படுகிறது. டபுள் என்ட்ரி! எதிரே டி.வி.எஸ். எக்ஸெல்லில் வருகிறவரின் வண்டி எடை 90 கிலோவுக்குள். அவர் எந்தப் பக்கம் எழுதுவார்?

பாதுகாப்புதான் வேண்டும் என்றால் உயரத்தைப் பார்க்க வேண்டாம், மோதல் சோதனை மார்க்கைப் பாருங்கள் என்றேன். 2023 அக்டோபரிலிருந்து நம் நாட்டிலேயே பாரத் என்கேப் என்று சோதனை நடக்கிறது. 2024 நவம்பரில் புது டிசையர், குளோபல் என்கேப் சோதனையில் பெரியவர்கள் பாதுகாப்புக்கு 5 நட்சத்திரம் வாங்கியது. தரையோடு படுத்துக்கொண்டு போகிற சாதாரண டிக்கி வைத்த கார்!

“டிசையரா?” என்றான் மாப்பிள்ளை. அவன் சொன்ன தொனியை இங்கே அச்சில் கொண்டுவர முடியாது.

சிவகாசிக்குள் நுழைந்ததும் பெரிய வண்டிக்கு முதல் பரீட்சை. பேப்பர் ரீம் ஏற்றிய தள்ளுவண்டி, காலண்டர் தகரம் அடிக்கிறவர்கள், ரோட்டிலேயே காயப்போட்ட அட்டை. தெருக்கள் சைக்கிள் காலத்தில் போட்டவை. எதிரே டாடா ஏஸ் ஒன்று வந்தது. 2005-ல் வந்த வண்டி. வடக்கே அதை ‘சோட்டா ஹாத்தி’ என்கிறார்கள், நமக்குக் குட்டி யானை. முதுகில் லேபிள் கட்டு கூரையைத் தாண்டி நிற்கிறது. மேலே ஒரு பையன் படுத்திருக்கிறான். அது எங்களைப் பார்த்தது. நாங்கள் அதைப் பார்த்தோம். நம்ம வெள்ளை யானையில் இரண்டே ஆட்கள், ஒரு தண்ணீர் பாட்டில். யார் பின்னால் போக வேண்டும் என்று கேட்டால் நியாயமாக யாருமே எங்களைத்தான் சொல்வார்கள். தெருவும் அதையே சொன்னது. அறுபது அடி ரிவர்ஸ். பின்னால் கேமரா இருந்தது, நல்ல வேளை. அதில் ஒரு ஆடு தெரிந்தது.

யுடிலிட்டி என்ற வார்த்தைக்கு இந்த வட்டாரத்தில் சிலை வைப்பதென்றால் குட்டி யானைக்கு ஒன்று, டி.வி.எஸ். 50-க்கு ஒன்று வைக்க வேண்டும். 1980-ல் வந்ததிலிருந்து அந்த வண்டி சுமக்காத சாமான் இல்லை. வத்தல் மூட்டை, பால் கேன், மூன்று பிள்ளைகள், ஒரு கட்டில். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும் சாத்தூர் சேவும் ஊர் ஊராகப் போனதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. ஒரு நாளும் அது தன்னை ஸ்போர்ட் என்று சொல்லிக்கொண்டதில்லை.

மாப்பிள்ளைக்கு வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசு ஆபீசில் லேபிள் சாம்பிள் காட்ட வேண்டும். போனோம். கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்தச் சொல்லி, செல்போனை வாங்கி ஆணியில் தொங்குகிற பையில் போட்டார்கள். உள்ளே ஆபீஸ் ரூம் வரைக்கும்தான் எங்களுக்கு அனுமதி. அங்கிருந்து பார்த்தால் பொட்டல் காட்டில் சின்னச் சின்ன அறைகள், ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி, நடுவே மரங்கள். விலாசம் தெரியாமல் கட்டின காலனி மாதிரி.

“ஏன் அண்ணாச்சி, ஒரே பெரிய ஷெட்டா கட்டினா வேலை சுளுவா இருக்குமே?” என்று ஃபோர்மேனிடம் கேட்டேன்.

“சுளுவுதான் சார். ஒண்ணு பத்திக்கிட்டா அம்புட்டும் சுளுவா போயிரும்” என்றார். “ஒரு ரூம்புக்கு நாலு பேரு. அவங்க கையில இருக்க வேண்டிய மருந்துக்கு ஒரு அளவு. அந்த ரூம்புக்கும் இந்த ரூம்புக்கும் இத்தன தூரம். இதுல ஒண்ணை மீறினாலும் அது அவன் உசுரோட போறதில்ல. பக்கத்து ரூம்புக்காரன் உசுரு.”

இந்த விதிகளை மீறினால் என்ன ஆகும் என்று இந்த வட்டாரத்துக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. 2012 செப்டம்பர் 5-ம் தேதி முதலிப்பட்டி விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். அவர்களில் பலர் அங்கே வேலை பார்த்தவர்களே இல்லை. சத்தம் கேட்டு ஓடிவந்தவர்கள். ஃபோர்மேன் அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

திரும்பும்போது மாப்பிள்ளைதான் பேச்சை எடுத்தான். சரவெடி. ஒரு காலத்தில் அவன் பிரஸ்ஸில் சரவெடி லேபிள்தான் நிறைய ஓடியது. தெருவில் ஒருத்தர் ஆயிரம் வாலா வாங்கினால் எதிர்வீட்டுக்காரர் இரண்டாயிரம், அதற்குப் பக்கத்து வீட்டுக்காரர் ஐயாயிரம், கடைசியில் பத்தாயிரம் வாலாவில் போய் நின்றது. சத்தத்துக்கும் ஒரு அளவு உண்டு. வெடிக்கிற இடத்திலிருந்து 4 மீட்டரில் 125 டெசிபல் என்று 1999-லேயே அரசாங்கம் விதி போட்டது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சரவெடியையே நிறுத்திவிட்டது. பேரியம் கூடாது, பசுமைப் பட்டாசு மட்டும்.

“வயித்துல அடிச்சிட்டாங்க மச்சான். லேபிள் ஆர்டர் எவ்வளவு போச்சு தெரியுமா?” என்றான். சற்றுப் பொறுத்து, “ஆனா ஒண்ணு. எங்க தெருவுல யாரும் அதுக்காக வருத்தப்படல. எவனும் பெரிய சரம் வாங்க முடியாதுன்னு ஆனதும், நாமளும் வாங்க வேண்டியதில்லைன்னு ஒரு நிம்மதி.”

எனக்குக் கார்களின் ஞாபகம் வந்தது. பக்கத்து வீட்டுக்காரன் உயரத்தில் ஏறியதால் நாம் ஏறுகிறோம். நாம் ஏறியதால் எதிர்வீட்டுக்காரன். எல்லாரும் ஏறிவிட்டால் மறுபடி எல்லாரும் சமம். ரோடு மட்டும் ஒடுங்கியிருக்கும்.

வெம்பக்கோட்டையிலிருந்து குறுக்கு வழியாகப் போகலாம் என்று மாப்பிள்ளை ஒரு வண்டிப்பாதையில் திருப்பினான். ஐப்பசி மழை பெய்து இரண்டு நாள் ஆகியிருந்தது. கரிசல் காடு. கரிசல் மண்ணைப் பற்றித் தெரியாதவர்களுக்கு: வெயிலில் வெடித்துக் கிடக்கும், கை நுழைகிற அளவுக்கு. மழை பெய்தால் ஊதி, மாவு மாதிரி பிசுபிசுத்து, காலில் ஒட்டினால் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் விடும். மாப்பிள்ளைக்கு இதுதான் தருணம். “இப்ப பாரு!” என்றான்.

பார்த்தேன். நூறு அடி போனோம். முன் சக்கரம் சுற்றியது, வண்டி போகவில்லை. ஒரு பட்டனை அழுத்தினான். ஸ்கிரீனில் மலை, மணல், பனி என்று படங்கள் வந்தன. கரிசலுக்குப் படம் இல்லை. இன்னொரு தடவை ஆக்ஸிலேட்டரை மிதித்தான். வண்டி இன்னும் நாலு அங்குலம் இறங்கி, ஏழு லட்சம் கொடுத்து வாங்கிய அந்த ஒரு அங்குலத்தையும் சேறு எடுத்துக்கொண்டது. எஸ்.யூ.வி. என்று விற்பவற்றில் பெரும்பாலானவை இப்படித்தான். முன் இரண்டு சக்கரம் மட்டுமே இழுக்கும். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி தனி ரகம், தனி விலை. அது நிஜமாகவே தேவைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையடியில் ரோந்து போகிற வனத்துறைக்காரர்கள், எஸ்டேட்காரர்கள். அவர்கள் யாரும் கூரையில் ஜன்னல் கேட்பதில்லை.

முக்கால் மணி நேரம் நின்றோம். ஒருவர் டி.வி.எஸ். எக்ஸெல்லை ஓரமாகத் தள்ளிக்கொண்டே போனார், பின்னால் இரண்டு மூட்டை உரம். “டிராக்டர் வரும். மேலத்தெருவுக்குப் போன் போட்டிருக்கேன்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். டிராக்டர் வந்தது. கயிறு கட்டி இழுத்தது. டிராக்டர்காரருக்கு இருபது வயசு இருக்கும். காசு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, “அண்ணே, வண்டி என்ன விலை? கிஸ்தி எவ்வளவு வரும்?” என்று கேட்டார். இந்த வண்டிகள் எப்படி 28 லட்சம் விற்கின்றன என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

கிஸ்திக் கணக்கு இதுதான். பதினைந்து லட்சம் வண்டிக்கு மூன்று லட்சம் கையிலிருந்து கட்டி, பன்னிரண்டு லட்சம் கடன். ஒன்பதரை வட்டி, 84 மாதம். மாதத் தவணை சுமார் 19,600. வட்டி மட்டும் கிட்டத்தட்ட நாலரை லட்சம். எட்டு லட்சம் காருக்கு அதே மூன்று லட்சம் கட்டினால் ஐந்து லட்சம் கடன். ஐந்து வருஷத் தவணை சுமார் 10,500. வட்டி 1 லட்சத்து 30 ஆயிரம். இரண்டும் சிவகாசியிலிருந்து விருதுநகருக்கு ஒரே நேரத்தில் போய்ச் சேரும். மாதம் முப்பத்தைந்தாயிரம் சம்பளத்தில் இந்த 19,600-க்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு, பெட்ரோலுக்கு அப்பாவிடம் கேட்கிற சிநேகிதர்கள் எனக்கு இருக்கிறார்கள். உங்களுக்கும் இருப்பார்கள்.

இதில் அரசாங்கம் ஆடின ஆட்டம் தனிக் கதை. 2006 பட்ஜெட்டில் 4 மீட்டருக்குள், பெட்ரோலில் 1,200 சி.சி., டீசலில் 1,500 சி.சி.க்குள் இருந்தால் சின்னக் கார், வரி குறைவு என்றார்கள். உடனே 3,995 மில்லிமீட்டர் கார்கள் பிறந்தன. ஐந்து மில்லிமீட்டரில் வரியைத் தாண்டினார்கள். பாதி வண்டியை இன்ஜினியர் வரைந்திருப்பார், பம்பரை ஆடிட்டர் வரைந்திருப்பார். 2013 பட்ஜெட்டில் பக்கத்துச் சீமையான சிவகங்கைக்காரர் ப.சிதம்பரம், எஸ்.யூ.வி.க்கள் ரோட்டிலும் பார்க்கிங்கிலும் அதிக இடம் பிடிக்கின்றன, அதற்கேற்ற வரி கட்டட்டும் என்று 27 சதவீதத்தை 30 ஆக்கினார். ஜி.எஸ்.டி. வந்த பிறகு செஸ்ஸோடு சேர்த்து 50 சதவீதம் வரை போனது. 2025 செப்டம்பர் 22 முதல் சின்னக் காருக்கு 18, பெரிய வண்டிக்கு 40. ஆக, நெஞ்சை நிமிர்த்தி நிற்கிற வண்டியே ஆனாலும் 3,995 மில்லிமீட்டரும் 1,200 சி.சி.யும் காட்டினால் அது சட்டப்படி சின்னக் கார்தான். உயரத்தை அளக்க டேப் இல்லை, நீளத்துக்கு மட்டும் இருக்கிறது.

வெளிநாட்டில் என்ன வாழ்கிறது என்றால், அங்கேயும் இதே கூத்து. அமெரிக்காவில் 1975-ல் கொண்டுவந்த மைலேஜ் சட்டம் காருக்குக் கண்டிப்பு, லாரி ரகத்துக்குச் சலுகை. கம்பெனிகள் லாரியின் மேல் சோபா போட்டு விற்றன. பாரிஸில் 2024 பிப்ரவரியில் ஓட்டெடுப்பு நடத்தி, வெளியூர்க் கனரகக் கார்களுக்கு நகர மையத்தில் பார்க்கிங் மணிக்கு 18 யூரோ ஆக்கினார்கள். ஓட்டுப் போட வந்தவர்கள் நூற்றுக்கு ஆறு பேர்கூட இல்லை. சர்வதேச எரிசக்தி முகமை கணக்குப்படி 2023-ல் உலகில் விற்ற கார்களில் 48 சதவீதம் எஸ்.யூ.வி. நடுத்தரக் காரைவிட 200, 300 கிலோ கூடுதல் எடை. குடிப்பதும் சுமார் 20 சதவீதம் கூடுதல்.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது அத்தை வாசலில் நின்றிருந்தார். மாப்பிள்ளையின் பட்டியலில் கடைசிக் காரணம் அத்தைதான். முழங்கால் வலி, குனிந்து ஏற முடியாது, உயரமான வண்டி என்றால் சௌகரியம். இது நூற்றுக்கு நூறு நியாயம் என்று நானும் ஒப்புக்கொண்டிருந்தேன். அத்தை வந்து கதவைப் பிடித்துக்கொண்டு காலைத் தூக்கிப் பார்த்தார். இறக்கினார். மறுபடி தூக்கினார்.

“ஏன்டா, குனியவும் வேண்டாம், ஏறவும் வேண்டாம், நேரா உக்கார்ற மாதிரி ஒண்ணும் விக்கலையா?”

விற்கிறார்கள். உயரம் நடுத்தரமாக, கூரை மட்டும் உசந்த சின்னக் கார்கள் நாலைந்து இருக்கின்றன. பெட்டி மாதிரி இருக்கும். அதனாலேயே மாப்பிள்ளைக்குப் பிடிக்காது.

இரவல் வண்டியை வீட்டுக்குள் நிறுத்தப் பார்த்தபோதுதான் கடைசிச் சங்கதி தெரிந்தது. கேட்டின் அகலம் ஆறடி. வண்டியின் அகலம் ஐந்தே முக்காலுக்கு மேல், கண்ணாடிக் காதுகளை மடக்கினால். மறுநாள் காலையில் கொத்தனார் வந்தார். டேப்பைப் பிடித்து இரண்டு தடவை அளந்தார். தூணைத் தட்டிப் பார்த்தார்.

“இடிச்சிரலாம். ஆனா தூணு பொதுச் சுவர்ல நிக்குது. பக்கத்து வீட்டுக்காரர்ட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிடுங்க.”

மாப்பிள்ளை மதிலுக்கு அந்தப் பக்கம் பார்த்தான். அங்கே ஒரு எஸ்.யூ.வி. நின்றிருந்தது. கறுப்பு. இவன் பார்த்து வைத்திருந்ததைவிட ஒரு சைஸ் பெரியது.

“அவர்ட்ட எப்படிய்யா கேக்குறது? அந்த வண்டியப் பாத்துத்தானே நானே வாங்குறேன்!”